கந்தளாயின் சத்திரமும் வாடிவீடும்

வழிச்செல்வோருக்கு நிழலும் நீரும் சோறும் அளிப்பதை நம் முன்னோர் தலையாய அறங்களுள் ஒன்றாகப் போற்றினர். ஊருக்கு ஒரு மடம், சந்திக்கு ஒரு சுமைதாங்கி, கோடைக்கு ஒரு தண்ணீர்ப்பந்தல் என அவர் அமைத்தவை இதற்குச் சான்று பகரும். ஓர் ஊரின் பெருமையை அளக்க விரும்புவோர், அவ்வூர் தன் வாசலுக்கு வந்த வழிப்போக்கனை எவ்வாறு நடத்தியது என்று நோக்கினாற் போதும். நம் திருகோணமலை மாவட்டத்திலே அவ்வாறு நோக்கத்தக்க ஊர் கந்தளாய்.

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் பெருந்தெருவில், ஏறத்தாழ 25 மைல் தொலைவில் உள்ளது இவ்வூர். இங்கே குளக்கரையில் வாடிவீடு ஒன்று இருந்தமையை மூத்தோர் நன்கறிவர். மாட்டுவண்டியிலும் குதிரையிலும் பயணஞ் செய்த காலத்தில், துறைமுகத்துக்கு வருவோரும் அங்கிருந்து உள்நாடு செல்வோரும் ஒரு பகலில் வழியைக் கடத்தல் இயலாது. வழியெல்லாம் யானைக்காடு. ஆகவே ஆங்கில அரசாங்கம் நாட்டின் பிரதான வீதிகளில் இத்தகைய வாடிவீடுகளை அமைத்து, காப்பாளரையும் நியமித்தது. கட்டிலுக்கும் உணவுக்கும் கட்டணம் உண்டு. கடமையிற் செல்லும் அரசாங்க உத்தியோகத்தருக்கே முதலிடம். 1927இல் திருகோணமலைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டதும், மோட்டார் வண்டிகள் பெருகியதும், வழியில் இராத்தங்கும் தேவை குறைந்தது.

வாடிவீட்டின் கதை ஒரு நூற்றாண்டுக் கதை. அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வூரில் வேறொரு விருந்தில்லம் இருந்தது. அதனை அறிய வேண்டுமாயின், முதலிற் குளத்தின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்தவன் குளக்கோட்டு மன்னன் என்பது நம்மவர் வழிவழியாகப் போற்றும் மரபு. கோணேசர் கோயிலின் நித்திய நைமித்தியங்களுக்கு நெல் விளையவேண்டிக் குளமும் வயலும் அவன் அமைத்தான் என்று கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் கூறும். சூளவம்சமோ, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி இக்குளத்தை ஆக்கினான் எனக் கூறுகிறது. கங்காதடாகம் என்பது அந்நூல் இதற்கு இட்ட பெயர். எவர் கட்டினும், ஏறத்தாழ 14,000 அடி நீளமும் 50 அடி உயரமும் கொண்ட இக்குளக்கட்டே தம்பலகாமத்து வயல்வெளிகளுக்கு உயிர்நாடியாயிற்று.

நீர் வளம் நிறைந்த இடத்தில் கல்வி வளமும் தழைத்தது. சோழர் ஆட்சிக் காலத்தில் இவ்வூர் இராஜராஜச் சதுர்வேதிமங்கலம் என்னும் பெயருடன் பிராமணர் ஊராக விளங்கியது. ஊர்க் காரியங்களைப் பெருங்குறிப் பெருமக்கள் என்னும் சபையார் கூடி முடித்தனர் என்பது இங்கு கிடைத்த தமிழ்ச் சாசனத்தால் தெரியவருகிறது. சோழரை வென்று பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் விஜயபாகு பௌத்த மன்னன். அவன் காலத்திலும் இவ்வூர் அழியவில்லை. விஜயராஜச் சதுர்வேதிமங்கலம் என அவன் பெயரையே தாங்கிச் சிறந்தது.

அவனது 42ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த சாசனமொன்று கந்தளாயை அடுத்த பாலமோட்டையிற் கிடைத்தது. நங்கைசானி என்னும் பிராமணக் கைம்பெண், இறந்த தன் கணவனின் நன்மை கருதி, தென்கைலாசமான விஜயராஜ ஈஸ்வரத்துக்குப் பொன் வழங்கிய செய்தியை அது கூறுகிறது. அத்தர்மத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர் வேளைக்காரப் படையினர். மன்னர் பெயர்களே மலிந்த நம் வரலாற்றில், ஒரு சாதாரணப் பெண்ணின் துயரும் அறமும் கல்லில் நின்று 900 ஆண்டுகளைக் கடந்துவிட்டன! பின்னர் இரண்டாம் கஜபாகு மன்னன் தன் இறுதிக்காலத்தைக் கந்தளாயிலேயே கழித்து மறைந்தான் என்பதும் சூளவம்சத்தால் அறியப்படுவது.

இனி, நாம் முன்னர்க் குறித்த விருந்தில்லத்துக்கு வருவோம். 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன் இவ்வூருக்குச் சதுர்வேத பிரமபுரம் எனப் பெயரிட்டு, பார்வதி சத்திரம் என்னும் தருமசாலையையும் இங்கே நிறுவினான். அங்கு தானம் வழங்கப்படுவதைத் தான் அமர்ந்து பார்ப்பதற்கென ஒரு கல்லாசனமும் செய்வித்தான். அவ்வாசனத்தின் மீது பொறித்த சிங்களச் சாசனமே இச்செய்தியைத் தருகிறது. பௌத்த மன்னன் ஒருவன், சைவம் தழைத்த ஊரில், அம்பிகையின் திருநாமத்தால் அன்னசாலை நடத்தினான் என்பதை நம் இளைஞர் ஊன்றிச் சிந்தித்தல் வேண்டும். இந்நாட்டில் இரு இனத்தாரும் ஒருவர் அறத்தை மற்றவர் மதித்து வாழ்ந்த காலம் உண்டு என்பதற்கு அக்கல் சாட்சி.

சத்திரமும் வாடிவீடும் இரண்டும் அரசு எடுப்பித்தவையே. ஆயினும் இரண்டன் நோக்கும் வேறு. வாடிவீடு வந்தவனின் பதவியையும் பணத்தையும் கேட்டது. சத்திரம் அவன் பசியை மட்டுமே கேட்டது.

13ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவை அரசு வீழ்ந்தபின் குளங்கள் தூர்ந்தன, காடு மூடிற்று. ஆங்கிலேயர் 1870களில் குளத்தைத் திருத்தினர். சுதந்திரத்தின் பின் குடியேற்றத் திட்டமும், 1960 அளவிற் சீனித் தொழிற்சாலையும் வந்து ஊரின் தோற்றத்தையே மாற்றின. 1993இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. அதற்கு முன்னர், 1986 ஏப்பிரல் 20ஆம் நாள் விடியுமுன்னே குளக்கட்டு உடைத்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். ஆயிரம் ஆண்டுகள் சோறிட்ட நீரே, காவல் தளர்ந்த ஒரு நாளில் கூற்றாயிற்று. முன்னோர் விட்டுச்சென்ற செல்வம் எதுவாயினும், காப்பாரின்றித் தானே நிலைத்திராது என்பதற்கு இதனினும் கொடிய பாடம் வேண்டுமோ?

குளத்துக்குப் பொருந்துவது கல்லெழுத்துக்கும் பொருந்தும். இளைஞர்காள்! விடுமுறை நாட்களிற் குழுவாகக் கந்தளாய்க்கும் பாலமோட்டைக்கும் சென்று வாருங்கள். உங்கள் ஊர்களில் வயலோரத்திலும் கோயில் வாசலிலும் எழுத்துள்ள கல் எதனையேனும் கண்டால், அதனைப் படிக்கல்லாகவோ துணி தோய்க்கும் கல்லாகவோ ஆக விடாது, தொல்பொருள் திணைக்களத்தாருக்கு அறிவியுங்கள். மூத்தோர் தாமறிந்த மடங்கள், கேணிகள், சுமைதாங்கிகள் ஆகியவற்றின் செய்திகளைச் சொல்ல, அவற்றை எழுதி வையுங்கள். நம் ஆலயத் திருவிழாக்களில் அன்னதானம் நடைபெறும்போதெல்லாம், பந்தியின் கடைசியில் நிற்கும் அயலூரானை முதலில் அழைத்து இருத்துங்கள். பார்வதி சத்திரத்தின் கூரை மறைந்துவிட்டது. அதன் அறத்தை நம் பந்திகளிற் காத்தல் நம் கையில் உள்ளது.