உலக்கையும் உமியும்

கேஜிஎஃப் என்றதும் என் வயசுக்காரர்களுக்கு சினிமாதான் நினைவுக்கு வரும். எனக்கு ஆயாவின் உரல் ஞாபகம் வரும். காரணம் இருக்கிறது.

எங்களுக்குக் கொல்லிமலையில் எடப்புளி நாடு. சாமைக்கு உமி விடாப்பிடியாக ஒட்டியிருக்கும். ஆயா கொஞ்ச நேரம் குத்துவாள், முறத்தில் அள்ளிப் புடைப்பாள், உரியாத மணியை மட்டும் திரும்ப உரலில் போடுவாள். ‘மொத்தமா ஒரேடியாக் குத்திட்டா வேலை முடிஞ்சிருமே’ என்று ஒருநாள் கேட்டேன். ‘நொய்யாப் போயிரும் சாமி. உரிஞ்சத அப்பப்ப எடுத்துரணும்’ என்றாள்.

தங்கத் தாதை உடைக்கும் ஆலையை வடிவமைப்பவர்கள் காலங்காலமாக மல்லுக்கட்டுவதும் இந்தச் சிக்கலோடுதான்.

1802இல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி, கோலார் பக்கம் மாரிக்குப்பத்தில் ஒரு காட்சியைப் பார்த்து எழுதி வைத்தார். ஆண்கள் குழிக்குள் இறங்கிக் கல் பெயர்க்கிறார்கள். கூடை கைமாறி மேலே வருகிறது. பெண்கள் அந்தக் கல்லைப் பாறைமேல் வைத்துப் பொடியாக்குகிறார்கள். பிறகு தண்ணீரில் அலசித் தங்கத்தைப் பிரிக்கிறார்கள். பெரிய கல்லை உடைப்பது, நுணுக்குவது, கழுவிப் பிரிப்பது என்று ஆலையின் மூன்று படிகளும் அங்கேயே இருந்திருக்கின்றன.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு பாறையின் இடத்தில் ஸ்டாம்ப் மில் உட்கார்ந்தது. அது ராட்சத உரல், உலக்கைதான். பல நூறு கிலோ எடையுள்ள இரும்பு உலக்கைகள் ஐந்தைந்தாக வரிசையில் நிற்கும். சுழலும் தண்டு ஒவ்வொன்றையும் தூக்கித் தூக்கி விடும். கீழே உரல் போன்ற இரும்புப் பெட்டிக்குள் தாதும் தண்ணீரும் ஓடும். பெட்டியின் முகப்பில் சல்லடை. அதன் கண்ணுக்குள் நுழையும் அளவு பொடியானதுதான் வெளியே போகும், மற்றது உள்ளேயே கிடந்து அடி வாங்கும். வெளியே வரும் குழம்பு பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் வழியும்போது தங்கம் அதில் ஒட்டிக்கொள்ளும். அளவுக்கு மீறிக் குத்தினால் தங்கம் மெல்லிய தகடாகித் தண்ணீரோடு மிதந்து போய்விடும். ஆயா சொன்ன நொய் இதுதான்.

இன்றைய ஆலையிலும் கணக்கு மாறவில்லை. பாறாங்கல்லை முதலில் தாடை போல மென்று உடைக்கும் ஜா கிரஷர், அடுத்து கோன் கிரஷர், நடுவில் சல்லடை. சல்லடையில் தங்கிய பெரிய கல் கன்வேயரில் ஏறித் திரும்பவும் கிரஷருக்கே போகும். இதற்கு மூடிய சுற்று என்று பெயர். கல்லை மாவாக அரைக்கும் பால் மில்தான் மின்சாரத்தை அதிகம் தின்னும். அதனால் முடிந்த மட்டும் கிரஷரிலேயே சின்னதாக்கி அனுப்புவதுதான் கெட்டிக்காரத்தனம். டன்னுக்கு 4 கிராம் தங்கம் என்றால் ஒரு பவுனுக்கு 2 டன் கல்லைப் பொடியாக்க வேண்டும். அதில் ஒரு கல்லைக்கூட வீணாக இரண்டாம் முறை அரைக்கக் கூடாது.

கோலாரில் இந்த ராட்சத உரல்களுக்குக் கல் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். வட ஆற்காட்டிலிருந்தும் எங்கள் சேலம் பக்கத்திலிருந்தும் போனவர்கள், அதிலும் தலித் மக்கள் அதிகம். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து இயந்திரங்களை ஓட்டியது. மனிதர்களின் நெஞ்சிலோ கல்தூசு படிந்தது. தங்கம் இருப்பது குவார்ட்ஸ் பாறையில். அதை உடைக்கும்போது கிளம்பும் சிலிக்காத் தூள் நுரையீரலைத் தழும்பாக்கிவிடும், அந்தத் தழும்பு ஆறாது. சிலிக்கோசிஸ் என்ற பெயர் தெரியாமலே மூச்சு வாங்கிச் செத்தவர்கள் எத்தனையோ பேர்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். நூற்றிருபது வருஷத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தாகிவிட்டது. அரைத்துச் சயனைடில் ஊறவைத்த மண், 3 கோடி டன்னுக்கு மேல், ஊரைச் சுற்றி மேடு மேடாகக் கிடக்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் வீட்டுக்குள்ளும் வரும்.

ஆயா புடைத்த உமி மாட்டுக்கும் எருக்குழிக்கும் போனது. அவளுடைய சுற்று அங்கேதான் முடிந்தது. கோலாரில் பெரிய கல் திரும்பிப் போவதற்கு ஒரு பாதை போட்டவர்கள், உமி எங்கே போகும் என்று மட்டும் வரைபடத்தில் யோசிக்கவே இல்லை.