முத்துப் படகின் ஒரு நாள்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு முத்துக் குளித்தல் முதலில் ஒரு இசை நாடகமாகத்தான் தெரியும். பிசே இசையமைத்த ‘முத்துக் குளிப்பவர்கள்’ 1863-இல் பாரீசில் அரங்கேறியது. கதை நடக்கும் இடம் இலங்கை. அதில் காதல் உண்டு, நட்பு உண்டு. ஆனால் சிப்பி யாருக்கு எத்தனை என்ற கணக்கு இல்லை. இப்போது மாப்பிள்ளையூரணியில் குடியிருக்கும் எனக்கு அந்தக் கணக்குதான் முக்கியமாகப் படுகிறது.

வெள்ளைக்காரர் காலத்துச் சலாபத்தில் ஒரு படகின் நாள் எப்படிக் கழிந்தது என்று பார்ப்போம்.

நள்ளிரவுக்கு மேல் கரைக்காற்று வீசத் தொடங்கும். அதைப் பாயில் வாங்கிக்கொண்டு படகுகள் புறப்படும். விடியும்போது முத்துப்பாருக்குப் போய்ச் சேரும். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலையிரம் பார் பெயர்பெற்றது. அங்கே எட்டு, பத்து பாக ஆழம். அதாவது ஐம்பது, அறுபது அடி.

ஒரு கல்லுக்கு இரண்டு பேர், முறை வைத்து இறங்குவார்கள். காலைக் கல்லில் வைத்துக் கயிற்றைப் பிடித்தால் கல்லே கீழே கொண்டுபோகும். ஏறத்தாழ ஒரு நிமிட மூச்சுக்குள் கையில் அகப்பட்டதைக் கூடையில் போட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். மேலே இருப்பவர் இழுப்பார். சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் சொல்லும் ‘கடல்கட்டி’ என்பவருக்குக்கூடச் சலாபத்தில் இடம் இருந்தது. அந்த அளவுக்குப் பயம்.

மதியத்துக்குமேல் கடல்காற்று திரும்பும். அதே பாய், எதிர்த்திசை. கரையில் ‘கொட்டு’ எனப்படும் வேலியிட்ட இடத்தில் சிப்பிகளை மூன்று பங்காக்குவார்கள். இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு.

நாற்காலியில் உட்கார்ந்து ரசீது எழுதியே காலம் தள்ளிய என் கண் இங்கேதான் நிற்கிறது. சர்க்கார் தன் பங்கைத் திறந்து பார்ப்பதில்லை. ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று மூடியபடியே ஏலம் விட்டுப் பணத்தை வரவு வைத்துக்கொள்ளும். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்பது வியாபாரியின் பாடு. சிப்பியை அழுகவிட்டு, கழுவி, அரித்துப் பார்த்தால்தான் அவருக்கே தெரியும். நட்டப்பட்டாலும் அவர் இழப்பது பணம். கடலுக்கு அடியில் போனவரோ உயிரைப் பணயம் வைத்தவர். அவருக்குக் கிடைத்தது மூன்றில் ஒன்று.

1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு முடிந்துபோயிற்று. 1973-இல் இதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். சங்கு குளிப்பவர்கள் இன்றும் இறங்குகிறார்கள்.

சென்னைக்குப் போகும் ரயிலுக்கு ‘முத்துநகர் எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். அதில் ஏறும்போது பாண்டிய மன்னர்களை நினைப்பவர்கள் அந்த மூன்றில் ஒரு பங்குக்காரர்களையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.