செய்தியைச் சோதித்த வாசகர்கள்



நமது கோயில் திருவிழாக்களில் விடிய விடிய மேளக் கச்சேரி நடப்பதுண்டு. இராகமும் தாளமும் அறிந்த பெரியவர்கள் சிலர் முன்னால் சப்பாணி கட்டி அமர்ந்துவிட்டால், அன்று வித்துவானின் வாசிப்பே வேறு. பிழை விட்டால் பிடித்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். நல்ல இரசிகரே நல்ல கலையை வளர்க்கின்றனர் என்பதை நாம் எளிதில் ஒப்புக்கொள்வோம். பத்திரிகை என்று வரும்போது மட்டும் குறை முழுவதையும் எழுதுபவர் தலையிலே சுமத்திவிடுகிறோம். வாசகனுக்கும் அதில் ஒரு பங்குண்டு என்பதைக் காட்டும் வரலாறு ஒன்றை இன்று நோக்குவோம்.

1917 நவம்பரில் ருஷ்யாவில் லெனின் தலைமையில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைக் கைப்பற்றினர். தொலைதூர நாட்டில் நடந்த இப்புரட்சியை அமெரிக்க மக்கள் பத்திரிகைகள் வாயிலாகவே அறிந்தனர். அப்பத்திரிகைகள் சொன்னது எவ்வளவு உண்மை? வோல்டர் லிப்மன், சார்ள்ஸ் மேர்ஸ் என்னும் இரு எழுத்தாளர்கள் இதனைச் சோதித்துப் பார்க்க முற்பட்டனர். சாதாரண பத்திரிகை எதனையும் அவர்கள் தெரிவு செய்யவில்லை. பெருமதிப்புப் பெற்றிருந்த நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையையே எடுத்துக்கொண்டனர். 1917 மார்ச் முதல் 1920 மார்ச் வரையான மூன்றாண்டு இதழ்களிலும் ருஷ்யா பற்றி வந்த செய்திகளைப் படித்தனர். எவரும் மறுக்க முடியாத சில நிகழ்வுகளே அவர்களின் உரைகல். ருஷ்யா ஜேர்மனியுடன் 1918இல் தனியே சமாதானம் செய்துகொண்டது. 1920 மார்ச்சிலும் சோவியத் ஆட்சி நிலைத்திருந்தது. இத்தகைய நிகழ்வுகளோடு செய்திகளை ஒப்பிட்டனர்.

1920 ஆகஸ்ட் 4ஆம் திகதி 'நியூ ரிபப்ளிக்' சஞ்சிகையின் அனுபந்தமாக ஆய்வு வெளிவந்தது. போல்ஷெவிக் ஆட்சி வீழ்ந்துவிட்டது, அல்லது வீழப்போகிறது என்ற செய்தி இரண்டாண்டுகளில் 91 தடவை வந்திருந்தது. வீழாத ஆட்சி 91 தடவை வீழ்ந்தது! இது திட்டமிட்ட சதி என்று ஆய்வாளர்கள் கூறவில்லை. பெயர் குறிப்பிடாத அதிகாரிகளின் பேச்சை நம்பியமையும், தாம் விரும்பியதையே நிகழ்ந்ததாகக் கண்டமையுமே காரணங்கள் என்றனர்.

இங்கு நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 91 தடவை எழுதப்பட்டது என்றால், 91 தடவை வாசிக்கவும்பட்டது அல்லவா? "சென்ற மாதம் வீழ்ந்த ஆட்சி இந்த மாதம் எப்படி மீண்டும் வீழ்கிறது?" என்று கேட்கும் வாசகர் கூட்டம் இருந்திருப்பின், பத்தாவது தடவையேனும் பேனா தயங்கியிருக்கும். பிற்காலத்தில், 1938இல், அதே மேர்ஸ் அதே பத்திரிகையின் ஆசிரிய தலையங்கப் பக்கத்துக்குப் பொறுப்பாளரானார். குறை கண்டவரிடமே பேனாவை ஒப்படைத்தது அப்பத்திரிகை.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. 1921இல் இதே பத்திரிகையின் நிருபராக வோல்டர் டுரான்டி மொஸ்கோ சென்றார். 1932இல் புலிட்சர் பரிசும் பெற்றார். அக்காலத்திலேயே உக்ரேய்னில் கொடும் பஞ்சம் மூண்டது. இலட்சோப இலட்சம் மக்கள் மாண்டனர். 1933 மார்ச்சில் கரெத் ஜோன்ஸ் என்னும் வேல்ஸ் நாட்டு இளைஞர் அக்கிராமங்களினூடே கால்நடையாகச் சென்று, கண்டதை உலகுக்குச் சொன்னார். டுரான்டி உடனே மறுத்தெழுதினார். பட்டினிச் சாவு இல்லையாம். போசாக்கின்மையால் வரும் நோய்களாலேயே பலர் இறக்கின்றனராம்!

மொழி கற்பிப்பவன் என்ற முறையில் இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். உணவில்லாமல் இறப்பதற்கும் போசாக்கில்லாமல் நோயுற்று இறப்பதற்கும் இடையில் உள்ளது சொல் வேறுபாடு மட்டுமே. செய்யுளில் ஒரு சொல் ஏன் அவ்விடத்தில் வந்தது என்று மாணவரிடம் கேட்கிறோம். அதே கேள்வியைச் செய்தியிடமும் கேட்டிருந்தால் அந்தத் திரை அன்றே விலகியிருக்கும். பரிசு பெற்றவர் எழுதினார் என்பதற்காகப் பலர் நம்பினர். நடந்து சென்று பார்த்தவர் யார், மொஸ்கோவில் இருந்து எழுதியவர் யார் என்று எண்ணிப் பார்த்தோர் சிலரே. சொல்பவர் யார் என்பதைவிடச் சொல்லப்படுவதன் உண்மையைக் காண்பதே அறிவு என வள்ளுவர் நமக்கு என்றோ உணர்த்திவிட்டார்.

இது அந்நிய நாட்டுக் கதைதானே என்று இருந்துவிட முடியாது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஓர் உணவகத்தின் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்படுகிறது என்ற வதந்தி கைத்தொலைபேசிகளில் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்த 'மாத்திரை' வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் காட்டியது. பின்னர் வந்த உண்மை முன்னர் எரிந்ததை மீட்டுத் தரவில்லை. ருஷ்யச் செய்தியில் ஏமாந்த வாசகன் இழந்தது அறிவை. இங்கே அயலவன் இழந்தது தன் வாழ்வை. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஓர் அச்சகம் இருப்பதால், வாசகனே செய்தியைப் பரப்புபவனாகவும் ஆகிவிட்டான். அவன் பொறுப்பும் இரட்டிப்பாகிவிட்டது.

ஆகவே நேயர்களே, ஒரு செய்தியைப் படித்தவுடன் மூன்றைக் கேளுங்கள். இதைக் கண்ணால் கண்டவர் யார்? இந்தச் சொல்லை ஏன் தேர்ந்தார்கள்? நேற்றுச் சொன்னது இன்று என்ன ஆயிற்று? பதில் கிடைக்காவிட்டால் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். முன்னால் அமர்ந்திருப்பவருக்குத் தாளம் தெரியும் என்று அறிந்தால், வாசிப்பவர் தாளம் தப்பமாட்டார்.