இயங்குநிலை வலைப்பக்கங்களும் தேடுபொறிகளும்

வலைப்பக்கம் ஒன்று உலாவியில் திறந்த பின்னர், ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தனியே வரவழைத்துத் திரையில் சேர்க்கும் எழுத்து, படம், விலைப்பட்டியல் முதலியவை இயங்குநிலை உள்ளடக்கம் எனப்படும். கூகுள், பிங் போன்ற தேடுபொறிகள் இவற்றையும் படித்துத் தம் அட்டவணையில் ஏற்றிக்கொள்ளுமாறு பக்கத்தை அமைப்பது வலைத்தள உருவாக்கத்தின் முதன்மையான பணிகளுள் ஒன்று. தாராவியில் சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையை ஒட்டிய தோல் பொருள் கடைகள், மாட்டுங்காவின் பூசைப் பொருள் கடைகள், செம்பூரின் இசை சபைகள் போன்ற மும்பையின் சிறு நிறுவனங்களுக்கு விளம்பரத்துக்கெனப் பெருந்தொகை ஒதுக்க இயலாது என்பதால், தேடலில் தென்படுவது அவற்றின் வரவையே பாதிக்கும் செய்தியாகிறது.

சிக்கலின் தோற்றம்

தொடக்ககால வலைப்பக்கங்களில், சர்வர் எனப்படும் வழங்கிக் கணினி அனுப்பிய எச்டிஎம்எல் கோப்பிலேயே செய்தி முழுவதும் அடங்கியிருந்தது; ஆகவே வாசகர் கண்டதும், தேடுபொறியின் சார்பில் பக்கங்களைத் தேடிச் சேகரிக்கும் கிராலர் என்னும் உலவு நிரல் பெற்றதும் ஒன்றாகவே இருந்தன. பக்கத்தை மீண்டும் ஏற்றாமல் அதன் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கும் வசதி 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உலாவியில் வந்தது. அதை 2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகுள் மேப்சும் பரவலாக்கின. 2005 பிப்ரவரியில் வலை வடிவமைப்பாளர் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இம்முறைக்கு ஏஜாக்ஸ் என்று பெயரிட்டார். பின்னர் ஆங்குலர்ஜேஎஸ் (2010), ரியாக்ட் (2013), வியூ (2014) ஆகிய நிரல் தொகுப்புகள் வந்தபோது, பக்கத்தை முழுவதுமாக வாசகரின் உலாவியிலேயே கட்டி எழுப்பும் வழக்கம் வேரூன்றியது.

தாராவித் தோல் கடை ஒன்றின் தளம் இம்முறையில் அமைந்திருப்பதாகக் கொண்டால், வழங்கி முதலில் அனுப்பும் கோப்பில் கடையின் பெயர், வெறுமையான ஒரு பெட்டி, நிரல் கோப்பின் முகவரி ஆகிய மூன்று மட்டுமே இருக்கும். கைப்பை, பெல்ட், பர்ஸ் ஆகியவற்றின் படங்களும் விலையும் நிறமும், நிரல் ஓடத் தொடங்கிய பின் வேறொரு முகவரியிலிருந்து தரவாக வந்து அப்பெட்டியை நிரப்பும். வாடிக்கையாளர் கைப்பேசியில் நிறைந்த கடையைக் காண்பார். நிரலை ஓட்டாத கிராலரோ பெயர்ப்பலகையை மட்டும் படித்துவிட்டுத் திரும்பும்.

தமிழ் வாசகர்கள் இச்சிக்கலின் முன்வடிவம் ஒன்றை ஏற்கெனவே பட்டறிந்துள்ளனர். 1990களின் பிற்பகுதியிலும் அதையடுத்த ஆண்டுகளிலும் தமிழ் இதழ்கள் பல தத்தமக்கெனத் தனி எழுத்துருவையும் குறியாக்கத்தையும் வைத்துக்கொண்டு இணையத்தில் வெளிவந்தன. எழுத்துரு உலாவியில் இறங்கியதும் திரையில் தமிழ் தெரிந்தது. கோப்பில் இருந்ததோ உரோமன் எழுத்துகளும் குறிகளும் கலந்த பொருளற்ற சரம். தேடுபொறி கோப்பையே படித்ததனால், தமிழ்ச் சொல்லை இட்டுத் தேடியவருக்கு அப்பக்கங்கள் கிட்டவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாடு டாம், டாப் என்னும் பொதுக் குறியாக்கங்களைப் பரிந்துரைத்தது. யூனிகோடில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தபோதிலும், தமிழ்நாடு அரசு அதனைத் தரமாக ஏற்றது 2010இல்தான். கண்ணுக்குத் தெரிவதும் கோப்பில் இருப்பதும் வேறுபட்டதால் அக்காலத் தமிழ் எழுத்து அடைந்த இழப்பு பெரிது. யூனிகோடில் பிழையின்றி எழுதப்பட்ட உரையையும் நிரலுக்குப் பின்னால் ஒளித்துவைத்தால் அதே இழப்பு இன்றும் நேரும்.

தேடுபொறிகளின் அணுகுமுறை

2009இல் கூகுள் ஓர் இடைவழியை முன்வைத்தது. முகவரியில் ‘#!’ என்னும் குறி இருந்தால், கிராலர் அதனைச் சிறப்பு வடிவிலான வேறொரு முகவரியாக மாற்றிக் கேட்கும். வழங்கி அதற்கென நிறைவு செய்த பக்கத்தைத் தரவேண்டும். ட்விட்டர் 2010இல் இக்குறியைத் தன் முகவரிகளில் பயன்படுத்தத் தொடங்கிப் பக்கங்கள் தாமதமாகத் திறப்பது கண்டு 2012இல் கைவிட்டது. கிராலரே நிரலை ஓட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டதைக் கூகுள் 2014 மே மாதத்தில் அறிவித்து, 2015 அக்டோபரில் பழைய முறையைப் பரிந்துரைப்பதை நிறுத்திக்கொண்டது. ஆயினும் அந்தக் கிராலர் 2019 மே வரை குரோம் உலாவியின் 41 என்னும் பழைய பதிப்பையே சார்ந்திருந்தமையால், புதிய நிரல் நடையில் எழுதப்பட்ட பக்கங்கள் அதற்கு வெறுமையாகவே தெரிந்தன. அதன் பின்னரே அது குரோமின் புதுப்பதிப்புகளோடு இணைந்து மேம்படலாயிற்று. பிங் அவ்வாண்டு அக்டோபரில் இதே வழியை மேற்கொள்வதாக அறிவித்தது.

இவ்வளர்ச்சியால் சிக்கல் தீர்ந்துவிட்டதென்று கருதுவது தவறு. கூகுள் முதலில் கோப்பைப் பெறுகிறது. பிறகு நிரலை ஓட்டிப் பக்கத்தை உருவாக்குவதற்காக அதை ஒரு வரிசையில் நிறுத்துகிறது. அக்காத்திருப்பு சில நொடிகளில் முடியலாம், நீளவும் செய்யலாம். ஆண்டு முழுவதும் விற்கும் பொருளுக்கு இத்தாமதம் பொருட்டன்று. வரும் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியை அறிவிக்கும் செம்பூர் சபை ஒன்றின் நிகழ்ச்சி நிரல், கச்சேரி முடிந்த பின் தேடலில் தோன்றிப் பயனில்லை. மேலும் கிராலர் பொத்தானை அழுத்துவதில்லை, மனிதரைப் போலப் பக்கத்தை உருட்டிச் செல்வதில்லை, முந்தைய பக்கத்தில் தேர்ந்தெடுத்த மொழியையோ ஊரையோ நினைவில் வைத்திருப்பதில்லை. ஆகவே ‘மேலும் காட்டு’ என்பதை அழுத்தினாலன்றி வராத பொருள்களும், தமிழைத் தேர்ந்தெடுத்தாலன்றித் தோன்றாத உரையும் அதன் கைக்கு எட்டுவதில்லை.

தீர்வுகள்

உறுதியான வழி, வழங்கி அனுப்பும் முதல் கோப்பிலேயே முதன்மைச் செய்தியை வைத்துவிடுவதாகும். வாசகர் கேட்கும் ஒவ்வொரு முறையும் வழங்கியே பக்கத்தை நிறைவு செய்து அனுப்புவது வழங்கிவழி உருவாக்கம். முன்கூட்டியே உருவாக்கி அடுக்கிவைத்த பக்கங்களை அனுப்புவது நிலைப்பக்க உருவாக்கம். முன்னதற்கு எந்நேரமும் இயங்கும் வழங்கி தேவை. அமேசான் 2016இலும் கூகுள் 2017இலும் மும்பையில் மேகக் கணிமை மையங்களைத் திறந்ததால், அருகிலிருந்தே விடையளிக்கும் வழங்கியை வாடகைக்குப் பெறுவது இந்நகரத்தாருக்கு எளிதாயிற்று. எனினும், சரக்குப் பட்டியல் எப்போதாவது மட்டுமே மாறும் மாட்டுங்காக் கடைக்கு நிலைப்பக்கமே செலவும் பராமரிப்பும் குறைந்தது. அத்தகைய கடைக்கு உலாவியிலேயே கட்டப்படும் தளத்தை அமைத்துக் கொடுப்பது, அதன் தேவையைக் கருதாமல் நிரலாளரின் பழக்கத்தைக் கருதிச் செய்யும் செயலே ஆகும். கிராலருக்கு மட்டும் நிறைவு செய்த பக்கத்தைத் தரும் மூன்றாம் முறையைக் கூகுள் 2018இல் அறிமுகப்படுத்தியது. இன்று அதனைத் தற்காலிக ஏற்பாடு என்றே அந்நிறுவனம் குறிப்பிடுகிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் தனி முகவரியும் இன்றியமையாதது. ‘#’ குறிக்குப் பின் வருவதைக் கூகுள் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை என்பதால், எச்டிஎம்எல்5 உலாவிகளில் அமைந்துள்ள வரலாற்று வசதியைக் கொண்டு உண்மையான முகவரியையே மாற்றவேண்டும். பக்கத்திலிருந்து பக்கத்துக்குச் செல்லும் வழி முறையான இணைப்புக் குறியில் எழுதப்பட்டிருக்கவேண்டும். அழுத்தினால் ஓடும் நிரலை மட்டும் வைத்தால் கிராலருக்கு அது வழியாகாது. முகவரியில் தமிழையே வைப்பது இயலும், முறையும் ஆகும். ஆனால் அது இயந்திர வடிவில் மாறும்போது யூனிகோடின் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தளவு நீள்கிறது. ‘தாராவி’ என்னும் சொல் துணைக்கால், மேல்விலங்குக் குறிகளையும் சேர்த்து ஆறு குறிகளால் ஆனமையால் 54 எழுத்துகளாகிறது. ஆதலின் தமிழ் முகவரிகளைச் சுருக்கமாக அமைப்பது நன்று.

நிரல் கோப்புகளையும் தரவு முகவரிகளையும் கிராலர் அணுகலாகாதெனத் தடை செய்திருந்தால் மற்ற ஏற்பாடுகள் வீணாகும். இல்லாத பொருளின் பக்கம் ‘கிடைக்கவில்லை’ என்று எழுத்தில் மட்டும் சொன்னால் போதாது, வழங்கி 404 என்னும் விடைக்குறியையும் தரவேண்டும். உருட்ட உருட்ட நீளும் பட்டியலை எண்ணிட்ட பக்கங்களாகவும் பிரித்து வைப்பதும், 50,000 முகவரிகள் வரை கொள்ளும் தளவரைபடக் கோப்பை அளிப்பதும் துணைநிற்கும்.

தேடலுக்கு வெளியே

மும்பையின் சிறு வணிகர்கள் வாட்ஸ்அப்பையும் பயன்படுத்துவதால், இணைப்பைப் பகிரும்போது தோன்றும் தலைப்பும் படமும் தேடலுக்கு நிகரான மதிப்புடையவை. அவை முதல் கோப்பில் உள்ள ஓப்பன் கிராஃப் எனப்படும் முன்காட்சிக் குறிப்புகளிலிருந்து எடுக்கப்படுகின்றன. நிரல் பின்னர் எழுதிச் சேர்ப்பவை அம்முன்காட்சியில் இடம்பெறுவதில்லை. செயலிக்குள் மட்டும் இருக்கும் சரக்கோ வலைத்தேடலுக்கு முற்றிலும் அப்பாற்பட்டது. பெங்களூருவின் இணைய விற்பனை நிறுவனமான மிந்த்ரா 2015 மே மாதத்தில் தன் வலைத்தளத்தை மூடிச் செயலி மட்டும் போதுமென முடிவு செய்து, மறு ஆண்டே வலைக்குத் திரும்பியது. ஃபிளிப்கார்ட் கைப்பேசி வலைத்தளத்தை மூடிவிட்டு, 2015 நவம்பரில் ஃபிளிப்கார்ட் லைட் என்னும் பெயரில் மீண்டும் திறந்தது.

கிராலருக்கு என்ன கிடைக்கிறது என்பதை எவரும் சோதிக்கலாம். கூகுளின் சர்ச் கன்சோலில் உள்ள முகவரி ஆய்வுக் கருவி, நிரல் ஓடிய பின் தனக்குக் கிடைத்த பக்கத்தைக் காட்டும். மேசைக் கணினி உலாவியில் பக்கத்தின் மூலத்தைத் திறந்தால், நிரல் ஓடுவதற்கு முந்தைய கோப்பு தெரியும். பொருளின் பெயரும் விலையும் பின்னதிலேயே தமிழில் காணப்படுவதுதான் பாதுகாப்பான நிலை; ஏனெனில் கூகுளைப் போல நிரலை ஓட்டிப் பார்க்கும் வசதி எல்லா நிறுவனங்களுக்கும் இல்லை. மொழி மாதிரிகளைப் பயிற்றுவிப்பதற்குப் பரவலாக எடுத்தாளப்படும் காமன் கிரால் தொகுப்பு நிரலை ஓட்டாமல் முதல் கோப்பை மட்டுமே சேமிப்பதனால், உலாவியில் மட்டும் உருவாகும் தமிழ் உரை அத்தொகுப்பில் இடம்பெறுவதில்லை.