மூன்று நாள் சைக்கிள் பயணத்தில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள்

"சேட்ஜி, உங்களுக்கு ராஜஸ்தானில் எந்த ஊர்?"

முப்பது வருஷத்துக்கும் மேலாக என் கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. நான் ஜைனன் என்று தெரிந்ததும் வடநாட்டார் இப்படிக் கேட்பது இருக்கட்டும், நம் சங்கத்துக்குப் புதிதாக வரும் தமிழன்பர்களே, "தமிழ் இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே, எங்கே கற்றீர்கள்?" என்கிறார்கள். "தாய்ப்பால் குடிக்கும்போதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். ஆனால் வாயால் சொல்லும் பதிலைவிட உறுதியாக, கல்லில் வெட்டிய பதில் ஒன்று செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கல்லுக்குப் போகும் வழியை, சைக்கிளில் போகும் வழியாகவே, இங்கே எழுதுகிறேன்.

சைக்கிள் ஏன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. திகம்பர முனிவர்கள் வாகனம் ஏறமாட்டார்கள், எங்கும் கால்நடைதான். மழைக்காலம் நான்கு மாதம் மட்டும் ஓரிடத்தில் தங்குவார்கள். ஆகவே அவர்கள் தங்கிய குன்றுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், அவை நடப்பவன் கணக்கில் அமைந்திருப்பது புரியும். தங்க ஒரு பாறை நிழல், தண்ணீருக்கு ஒரு சுனை அல்லது ஏரி, பிக்ஷைக்கு எட்டும் தூரத்தில் ஒரு ஊர். இந்த மூன்றும் சேர்ந்த இடமெல்லாம் பள்ளியாயிற்று என்பது என் துணிபு. காரில் போனால் இந்தக் கணக்கு பிடிபடாது. நடக்க நம் பிள்ளைகளுக்கு லீவு கிடையாது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது சைக்கிள்தான்.

முதல் நாள்: திண்டிவனம் - மேல்சித்தாமூர் - செஞ்சி

சென்னை - விழுப்புரம் ரயில் பாதையில் திண்டிவனத்தில் இறங்குங்கள். விடியற்காலையில் கிளம்பி மேற்கே மிதித்தால் சுமார் 20 கிலோமீட்டரில் மேல்சித்தாமூர். சமதரை என்று நினைத்துவிட வேண்டாம். ஏரிக்கரை ஏறி இறங்கும். மேடு வந்தால் மல்லாட்டைக் கொல்லை, பள்ளம் வந்தால் நெல்வயல், நடுவே பனை வரிசை. மண்ணைப் பார்த்தே மேடு பள்ளத்தைச் சொல்லிவிடலாம். தை, மாசி மாதங்கள் இதற்கு உகந்தவை.

மேல்சித்தாமூர் எங்கள் சமூகத்தின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர். காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம்தான் பழைய ஜினகாஞ்சி. மடம் அங்கிருந்து இங்கு வந்தது என்பது மரபு. பார்சுவநாதர் கோயிலில் கோபுரம், மானஸ்தம்பம், தேர் எல்லாம் உண்டு. வடநாட்டு ஜினாலயங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நம்மூர் சிவன் கோயில் போலத் தோன்றும். தோன்றட்டும், ஒரே மண்ணின் தச்சர்கள் கட்டியது வேறு எப்படி இருக்கும்? ஊரிலுள்ள மலைநாதர் கோயிலில் ஒரு பாறையே கருவறை. அதில் பாகுபலி, பார்சுவநாதர், இயக்கி முதலிய உருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. காலம் கி.பி. 9-ஆம் நூற்றாண்டு என்பர்.

அங்கிருந்து செஞ்சி சுமார் 10 கிலோமீட்டர். சூரியன் சாய்வதற்குள் உண்டு முடிப்பது எங்கள் நியமம். சைக்கிள்காரருக்கும் அது நல்ல நியமம்தான். இருட்டில் மிதிக்கும் ஆசை வராது.

இரண்டாம் நாள்: கோட்டைக்கு அப்பால் ஒரு பாறை

செஞ்சிக் கோட்டையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். நெடுநாள் முற்றுகைக்குப் பின் 1698-இல் மொகலாயர் வசமானது. 1714-இல் தேசிங்கு மாண்டான். 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். மராத்தியர் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது, பதினொன்று மகாராஷ்டிரத்தில். தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றே. மும்பை, புனே அன்பர்கள் அதற்காகவேனும் ஒருமுறை வர வேண்டும்.

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் செஞ்சி என்றால் வேறொரு நினைவும் உண்டு. செஞ்சியை ஆண்ட ஒருவன் காலத்தில் சமணர் கொடுமைக்கு ஆளானதாகவும், உயிருக்கு அஞ்சி நெற்றியில் திருநீறு பூசி ஒதுங்கியவர்கள் 'நீறுபூசி நயினார்' ஆனதாகவும் சொல்வார்கள். இது செவிவழிச் செய்தி. பழியைச் சுமந்து திரிவதற்காக இதைச் சொல்லவில்லை. அத்தனைக்கும் பிறகும் ஊரை விட்டு முழுதாகப் போகாமல் இருந்தார்களே, அதற்காகச் சொல்கிறேன்.

கோட்டைக்கு வருகிற கூட்டத்தில் பெரும்பாலோர் பார்க்காமல் திரும்பும் இடம் ஒன்று, ஊருக்கு வடக்கே சுமார் 3 கிலோமீட்டரில், சிங்கவரம் போகும் வழியில் உள்ளது. பெயர் திருநாதர்குன்று. மேலே ஒரு பெரிய உருண்டைப் பாறை. அதன் முகத்தில் வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசையில் 24 தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். காலை வெயில் படும்போது இருபத்துநான்கு முகமும் ஒன்றுபோல் விழித்துக்கொள்வதைப் பார்க்க வேண்டும்.

நான் முதலில் சொன்ன பதில் இந்தக் குன்றில்தான் இருக்கிறது. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்ட நிசீதிகை இது என்று தமிழில், வட்டெழுத்தின் தொடக்க வடிவில், ஒரு கல்வெட்டு உள்ளது. காலம் கி.பி. 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டு. இளையபடாரர் என்னும் இன்னொருவர் 30 நாள் நோன்பிருந்த செய்தி வேறொரு கல்வெட்டில் உள்ளது. சந்திரநந்தியின் நோன்பு நாள் எண்ணிக்கை இலக்கத்தில் இல்லை. 'ஐம்பத்தேழு' என்று சொல்லால் எழுதப்பட்டிருக்கிறது. 'ஐ' என்னும் உயிரெழுத்தின் மிகப் பழைய கல் வடிவங்களுள் ஒன்றாக எழுத்தாய்வாளர் காட்டுவது இதைத்தான். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் கோணல்மாணலாக எழுதித் திணறுகிறார்களே, அதே 'ஐ'! பார்வைக்கு இன்றைய 'ஐ' போல இராது. ஆனாலும் அதேதான். ஒரு சமண முனிவரின் கடைசி நாட்களை எண்ணுவதற்கு அது கல்லேறியிருக்கிறது. இதற்கு மேல் எந்த ஊர் என்று என்னை என்ன கேட்க இருக்கிறது?

பக்கத்திலேயே சிங்கவரம் அரங்கநாதர் குடைவரை. பல்லவர் காலத்தது. அதையும் சேவித்துவிட்டு, சேத்துப்பட்டு வழியாக வந்தவாசிச் சாலையில் திரும்பினால், அன்றைய மிதி சுமார் 50 கிலோமீட்டர். முடிவில் பொன்னூர் மலை. இங்குள்ள பாதம் குந்தகுந்தர் பாதம் என்று வணங்குகிறோம். பிராகிருதத்தில் சமயசாரம் இயற்றியவர் அவர். திருக்குறளும் அவர் அருளியதே என்று எங்களில் பலர் நம்புவதுண்டு. ஆய்வுலகம் அதை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. மலையிலிருந்து சுமார் 8 கிலோமீட்டரில் வந்தவாசி. 1760 ஜனவரி 22-ஆம் தேதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியை முறியடித்த களம் அது. நாடு யாருக்கு என்று முடிவான இடமும், நாடே வேண்டாம் என்றவர் நின்ற இடமும் ஒரு மணி நேரச் சைக்கிள் தூரத்தில் இருக்கின்றன.

மூன்றாம் நாள்: ஒரு வணிகன் மனைவியின் விளக்கு

மறுநாள் சேத்துப்பட்டுக்கே திரும்பி, போளூர் வழியாகத் திருமலை. இதுவும் ஐம்பதை ஒட்டிய தூரம்தான். சீமைக்கருவேல முள் சாலையோரம் நிறையக் கிடக்கும். டியூபும் பஞ்சர் ஒட்டும் சாமானும் கையோடு இருக்கட்டும்.

திருமலையில் சுமார் 16 அடி உயரத்தில் நேமிநாதர் பாறையில் நிற்கிறார். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த பழஞ்சமணச் சிற்பம் இதுவே என்பர். இங்குள்ள கோயிலுக்குக் குந்தவை ஜினாலயம் என்று பெயர். இராஜராஜனின் தமக்கை பெயரால் அமைந்தது. ஓவியங்களும் உண்டு. ஆனால் வியாபாரியாகிய என் மனம் நிற்பது பாறையிலுள்ள ஒரு கல்வெட்டில். இராஜேந்திர சோழன் கங்கை வரை வென்றதைச் சொல்லும் புகழ்பெற்ற மெய்க்கீர்த்தி, 1020-களில் வெட்டப்பட்டது. பாடப்புத்தகமெல்லாம் எடுத்துக்காட்டும் சாசனம்தான். இத்தனை நீண்ட வெற்றிப் பட்டியலுக்குப் பிறகு வரும் செய்தி என்ன தெரியுமா? நன்னப்பயன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை, இந்த ஜினாலயத்துக்கு விளக்கெரிக்கவும் அமுதுபடிக்கும் காசு கொடுத்தாள் என்பதுதான். அவள் கொடுத்த காசைப் பதியத்தான் இந்தப் பாறையில் அரசனின் கங்கை வெற்றியும் ஏறிற்று. கடை நடத்துகிற குடும்பத்துப் பெண்களுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

போளூரில் ரயில் ஏறிவிடலாம். விழுப்புரம் - காட்பாடி பாதை.

ஒரு விண்ணப்பம். இந்தப் பக்கத்துச் சாலைகளில் ஜல்லி லாரிகளும் உங்களோடு கூடவே வரும். பெயர் தெரியாத எத்தனையோ குன்றுகள் அரைபட்டுக்கொண்டிருக்கின்றன. சிற்பம் உள்ள பாறையிலும் காதலர் பெயரைப் பெயிண்டில் எழுதுகிறார்கள். சட்டம் காக்கட்டும், அதோடு, வந்து பார்க்கிற நாலு பேர் கண்ணும் ஒரு காவல். யாரும் வராத குன்றைத்தான் வெறும் கல் என்று சொல்லி உடைக்கிறார்கள்.

வரும் தை மாதம் ஊருக்குப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். திருநாதர்குன்றில் நிறுத்தி, அந்த ஓர் எழுத்தை மட்டும் விரலால் காட்டுங்கள். கல்லைத் தொட வேண்டாம். நாளை யாராவது அவர்களிடம், "உனக்குப் பூர்வீகம் எந்த ஊர்?" என்று கேட்டால், பதில் தானே வந்துவிடும்.