பணத்தாளைப் படித்தல்: வாழைமர நோட்டும் மாறிய எழுத்தும்



என் பாட்டியின் தகரப் பெட்டியில், பிறப்புப் பத்திரங்களுக்கு அடியில், துணியில் சுற்றிய ஒரு கட்டுப் பணத்தாள் இருந்தது. புக்கிட் செலம்பாவை அடுத்த தோட்டமொன்றில் ஜப்பானியர் காலத்தில் உழைத்துப் பெற்ற கூலி அது. எதற்கு இந்தச் செல்லாக் காசு என்று கேட்டால், "காசு செல்லாமல் போகலாம், உழைத்தது செல்லாமல் போகுமா?" என்பார். ஒரு பணத்தாளின் விலை வேறு, மதிப்பு வேறு என்பதை நான் முதலில் கற்றது அந்தப் பெட்டியருகில்தான்.

1941 டிசம்பரில் கெடாவின் ஜித்ராவில் பிரித்தானியப் படை தோற்றுப் பின்வாங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. வென்றவர்கள் மலாயாவுக்கெனத் தனிப் பணத்தாள்களை வெளியிட்டார்கள். ஒரு காசு முதல் ஆயிரம் வெள்ளி வரை அவை வழங்கின. பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்ததால் முழு வரிசைக்குமே 'வாழைமர நோட்டு' என்னும் பெயர் நிலைத்தது. மலாய்க்காரர் 'டூயிட் பீசாங்' என்றனர்.

இத்தாள்களை அடையாளம் காண எழுத்தே முதல் துணை. குறியெழுத்து 'எம்' என்று தொடங்கினால் அது மலாயாவுக்கு உரியது. 'பி' என்று தொடங்குவது, ரூபாய்க் கணக்கில் அச்சான பர்மாத் தாள். கொண்டுவருபவர்க்குக் கேட்டவுடன் பணம் தரப்படும் என்ற வாக்குறுதியைப் பத்து வெள்ளித் தாளில் காணலாம். அவ்வாக்குறுதி ஆங்கிலத்தில் உள்ளது. வெளியிட்ட அரசின் பெயர் மட்டும் ஜப்பானிய எழுத்திலும் உண்டு. ஆங்கிலேயரை விரட்டிய அரசு, ஆங்கிலேயரின் சொல்லாலேயே நம்பிக்கையை நாடியது. மொழி வரலாற்று மாணவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து நோக்கத்தக்கது வரிசை எண். தொடக்கத்தில் அச்சான வெள்ளித் தாள்கள் சிலவற்றில் எழுத்துடன் எண்ணும் இருக்கும். பின்னர் எண் மறைந்தது. தாளும் மையும் தரம் தாழ்ந்தன. எண்ணில்லாத பணத்துக்குக் கணக்கில்லை. கள்ளத்தாள்கள் பெருகின, பொருள்களின் விலை ஏறியது. 1945 செப்டம்பரில் திரும்பிய பிரித்தானிய இராணுவ நிருவாகம் இத்தாள்கள் செல்லா என்று அறிவித்தது. ஆட்சிக்காலத்துக் கடன் வழக்குகளைத் தீர்க்க 1948இல் வந்த சட்டம், வாழைமர நோட்டின் மதிப்பைக் காலவாரியாகத் தேய்த்துக் காட்டும் ஒரு பட்டியலையே கொண்டிருந்தது. கடனாளிக்கும் கடன் கொடுத்தவருக்கும் பட்டியல் கிடைத்தது. கூலியைச் சேமித்தவர் கையில் காகிதமே எஞ்சியது.

இன்றைய சந்தையில் எண்ணில்லாத பத்து வெள்ளித் தாளுக்குப் பெருவிலை இல்லை. அச்சானவை மிகப் பல. எண்ணுள்ள தாள், மடிப்பும் கறையும் இல்லாத தாள் ஆகியவற்றுக்கே தேவை மிகுதி. பழமை மட்டும் விலை தராது. அருமையும் நிலையும் சேர வேண்டும். ஆதலால் பழந்தாளைக் கழுவுதல், தேய்த்தல், ஒட்டுதல் கூடா. தூய்மை செய்வதாக எண்ணி விலையைக் கெடுத்தவர் பலர்.

எழுத்து காலத்தைக் காட்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. 1967 ஜூன் 12 முதல் நெகாரா வங்கி தன் பணத்தாள்களை வெளியிட்டது. அக்காலப் பத்து வெள்ளித் தாளில் 'ச-பூலோ ரிங்கிட்' எனப் பழைய எழுத்துமுறை காணப்படும். 1972இல் மலாய்மொழியின் எழுத்துமுறை சீர்திருத்தப்பட்டபின் அது 'செப்பூலு ரிங்கிட்' ஆயிற்று. சேகரிப்போர் இவ்விரண்டையும் பழைய எழுத்து, புதிய எழுத்து என்றே பிரித்து விலை பேசுகின்றனர். 'ரிங்கிட்' என்பது பண்டை இஸ்பானிய வெள்ளிக்காசின் பல்விளிம்பைக் குறித்த சொல். நாமோ காகிதத்தை இன்றும் 'வெள்ளி' என்கிறோம். உலோகம் போய்விட்டது, சொல்லில் அது ஒலிக்கிறது.

எழுத்தின் வடிவம் மட்டுமன்றி, அது நிற்கும் இடமும் பொருள் தரும். மொரீசியஸ் பணத்தாள்களில் ஆங்கிலத்தை அடுத்துத் தமிழ் இடம்பெறுவது மரபு. 1998இல் வந்த புதிய தாள்களில் தமிழ் இந்திக்குப் பின் தள்ளப்பட்டது. அங்குள்ள தமிழர் கிளர்ந்தெழுந்தனர்; தாள்கள் திரும்பப் பெறப்பட்டன; தமிழ் தன் இடத்தை மீண்டும் அடைந்தது. சேகரிப்போருக்கு அது வழக்கத்துக்கு மாறான தாள். அம்மக்களுக்கோ அது தம் மொழியின் வரிசை.

நமக்கு அருகிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கின் கல்வெட்டுகளை அறிஞர் எழுத்தின் வடிவம் கொண்டு காலம் கணித்தனர். அதே கண்ணால் வீட்டுப் பெட்டியில் உள்ள தாளையும் படிக்கலாம். ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. மாணவர் பழந்தாள் ஒன்றைக் கொண்டுவந்தால் அதன் விலையைச் சொல்வதோடு நிறுத்தாதீர். அதில் உள்ள எழுத்தையும் எண்ணையும் குறிக்கச் செய்யுங்கள். பின், அதனை வைத்திருந்தவர் யார், என்ன வேலைக்குக் கிடைத்தது, ஏன் எறியாமல் காத்தார் என்று மூத்தோரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். தாளைக் கடையில் வாங்கலாம். அதனோடு வந்த கதை, அதை அறிந்தவர் மறைந்தபின் எந்தக் கடையிலும் கிடைக்காது.