கோடு, கோட்டம், கோட்டாட்சியர்

காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் நடுவில் இருக்கிறது குமரக்கோட்டம். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய இடம் என்று ஊர் அதைக் கொண்டாடுகிறது. காமாட்சி கோயிலுக்குக் காமக்கோட்டம் என்று பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளில் எந்த ஊர்ச் சிவன் கோயிலானாலும் அம்மனுக்கென்று தனியாக எடுத்த சன்னதி ‘திருக்காமக்கோட்டம்’ ஆகிவிட்டது. காஞ்சி நகரமே கல்வெட்டுகளில் எயிற்கோட்டத்தைச் சேர்ந்தது. தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாகப் பகுத்துச் சொல்வது பழைய வழக்கு. புழல் கோட்டம், ஊற்றுக்காட்டுக் கோட்டம் எல்லாம் அந்த வரிசையில் வருபவை. இன்றும் பட்டா விவகாரத்தில் வட்டாட்சியர் தீர்ப்பு பிடிக்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்கிறோம். சாமிக்கும் சர்க்காருக்கும் பொதுவாக நிற்கிற சொற்கள் தமிழில் அதிகமில்லை.

கோட்டத்தின் வேர் ‘கோடு’. பள்ளிக்கூடத்தில் அடிமட்டம் வைத்துப் போட்டுப் பழகியதால், கோடு என்றதும் நமக்கு நேராக ஒன்றுதான் மனத்தில் ஓடுகிறது. ஆனால் கோடுதல் என்ற வினைக்குப் பொருள் வளைதல். யானைத் தந்தம் கோடு, மாட்டுக் கொம்பு கோடு, மரக்கிளை கோடு, சங்கும் கோடு. வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் சான்றோருக்கு அழகாகச் சொல்வது கோடாமை, அதாவது ஒரு பக்கமாக வளையாமை. வளைந்தது எல்லாம் கோடாக இருந்ததால்தான் வளையாததற்கு ‘நேர்கோடு’ என்று அடைமொழி போட வேண்டி வந்தது. அந்தக் கணக்கில் ‘வளைகோடு’ என்பது கூறியது கூறல். தமிழ்நாட்டுப் பாடநூல் ‘வளைவரை’ என்றும் இலங்கைப் பாடநூல் ‘வளையி’ என்றும் எழுதித் தப்பித்துக்கொண்டன.

கோட்டம் என்றால் முதலில் வளைவு. பிறகு, வளைத்துச் சூழப்பட்ட இடம். இந்த இரண்டாம் பொருளை வடமொழி ‘கோஷ்ட’த்திலிருந்து வந்ததாகக் கொள்வோரும் உண்டு. கைலாசநாதர் கோயில் சுவரில் சிற்பங்கள் நிற்கும் மாடங்களைத் தேவகோஷ்டம் என்றும் தேவகோட்டம் என்றும் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். கோயில் மாடத்துக்கு அந்த வழி பொருந்தலாம். நாட்டுப் பிரிவுக்கு அது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. எயில் என்றால் மதில். மதில் சூழ்ந்த ஊர் அடங்கிய பிரிவுக்கு எயிற்கோட்டம் என்று பெயர் வைத்தவர்கள் எல்லையையும் அதன் உள்வெளியையும் ஒரே பெயரில் அடக்கிவிட்டார்கள் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

கோட்டுக்கு இன்னொரு பொருள் கரை. இதற்கும் வள்ளுவரே சாட்சி: சுற்றம் தழுவாதவன் வாழ்க்கையைக் கரையில்லாத குளத்தில் நீர் நிறைவதோடு அவர் ஒப்பிடும்போது, கரைக்கு ஆளும் சொல் கோடு. கணிதம் நுழைகிற வாசல் இதுதான்.

காஞ்சிக்கு அருகில் உள்ள தென்னேரியை எடுத்துக்கொள்வோம். நீர் தொடுகிற ஓரத்தை யாரும் பென்சிலால் போடவில்லை. ஒவ்வோர் இடத்திலும் நிலத்தின் உயரத்திலிருந்து நீர்மட்டத்தைக் கழித்துப் பாருங்கள். விடை எதிர்மறை என்றால் அந்த இடம் தண்ணீருக்குள், நேர்மறை என்றால் மேட்டில், சுழியம் என்றால் ஓரத்தில். சுழியம் வந்த இடங்களையெல்லாம் சேர்த்தால் கோடு. எதிர்மறை வந்த இடங்களைச் சேர்த்தால் கோட்டம். முன்னதைச் சொல்வது சமன்பாடு, பின்னதைச் சொல்வது அசமன்பாடு. இலங்கைத் தமிழில் அது சமனிலி.

மென்பொருள் வரைவதும் இப்படித்தான். ஒய் = எக்ஸ்² என்பதில் ஒய் தனியே நிற்கிறது; இடமிருந்து வலமாக எக்ஸுக்கு மதிப்புக் கொடுத்துக்கொண்டே போனால் படம் வந்துவிடும். எக்ஸ்² + ஒய்² = 25 என்பதில் ஒய் உள்ளே புதைந்திருக்கிறது. பாடநூல் இந்த வகையை ‘உட்படு சார்பு’ என்கிறது. எக்ஸ் 3 என்றால் ஒய் 4 ஆகவும் இருக்கலாம், –4 ஆகவும் இருக்கலாம்; நடந்து போக ஒரே பாதை கிடையாது. எனவே மென்பொருள் திரையைக் கட்டங்களாகப் பிரித்து மூலைதோறும் விசாரிக்கிறது. (3, 3) என்ற மூலையில் 9 + 9 – 25 = –7, உள்ளே. (4, 4) என்ற மூலையில் 16 + 16 – 25 = +7, வெளியே. மற்ற இரு மூலைகளான (4, 3), (3, 4) இரண்டிலும் சுழியம். ஆக, இந்தக் கட்டத்தில் கோடு ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போகிறது. கட்டங்களைப் பொடிப்பொடியாக நறுக்க நறுக்க முறிவுகள் மறைந்து வட்டம் தெரியும். சமக்குறியை எடுத்துவிட்டு ‘25ஐவிடக் குறைவு’ என்று தட்டினால் உள்பகுதி நிறமேறும். ஓரம் விட்டுவிட்டு வரும், ஏனென்றால் ஓரத்துக்கு அங்கே உரிமையில்லை. ‘குறைவு அல்லது சமம்’ என்றால் ஓரம் முழுக்கோடு. (நிர்வாகத்தில் கோட்டத்துக்குள் அடங்குவது வட்டம். கணக்கில் இங்கே வட்டமே கோட்டம்.)

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் தொடங்கிய ஜியோஜீப்ரா இதைச் செய்கிறது; டெஸ்மாஸும் செய்கிறது. 2018 முதல் வந்த தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்று வரும் பக்கங்களில் ஜியோஜீப்ரா பயிற்சித் தாள்கள் இருப்பதால், காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கும் அது புதிதல்ல.

அவர்களில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டத்தாளும் புதிதல்ல. பட்டுப் புடவைக்கு டிசைன் எழுதுகிறவர் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகத்தான் நிரப்புகிறார். நிரம்பிய கட்டத்தில் ஜரிகை தெரியும், வெற்றுக் கட்டத்தில் தெரியாது. அதைப் பார்த்து அட்டையில் துளையடித்து ஜக்கார்டில் ஏற்றுகிறார்கள். தாழம்பூ ரேக்கின் கூரான பற்கள் தூரத்தில் சாய்கோடாகத் தெரிந்தாலும், தாளில் அவை படிப்படியாக ஏறி இறங்கும் கட்டங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் கோர்வை போட வேண்டும்: கரைக்குத் தனி நாடா, அதை வீச இன்னோர் ஆள், இரண்டு ஊடையும் சந்திக்கிற இடத்தில் பின்னல். நல்ல கோர்வையில் அந்த ஓரம் தனியாக உறுத்தாது. காஞ்சியில் புடவை ஓரத்துக்கும் ஏரி ஓரத்துக்கும் ஒரே பெயர், கரை.

கட்டத்தாளின் இந்தத் தர்க்கத்தைக் கடைசிவரை கொண்டுபோனவர் ஜெஃப் டப்பர். 2001இல் சிக்கிராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டுக்கு எழுதிய கட்டுரையில் அவர் ஓர் அசமன்பாட்டைக் கொடுத்தார். 106 கட்ட அகலமும் 17 கட்ட உயரமும் உள்ள சாளரத்தில், 543 இலக்கம் கொண்ட ஓர் எண்ணை ஒட்டிய உயரத்தில் அதை வரைந்தால், அந்த அசமன்பாடே எழுத்தாகத் திரையில் தெரியும். வேடிக்கை என்னவென்றால் எண்ணை மாற்றினால் படம் மாறும். 106க்கு 17 கட்டத்தில் அடங்கும் எந்த உருவுக்கும் ஓர் எண் உண்டு. அன்னப்பட்சி புட்டாவுக்கும் உண்டு.

ஆனால் அந்தக் கட்டுரையின் உண்மையான சரக்கு இந்த வேடிக்கையில் இல்லை. மூலையில் மட்டும் விசாரிக்கிற மென்பொருள் ஏமாறும் என்பதை எடுத்துக்கொண்டு, ஒரு கட்டத்துக்குள் சார்பு எந்த எல்லைக்குள் ஏறி இறங்க முடியும் என்று கணக்கிட்டு, ‘உண்டு’, ‘இல்லை’, ‘இன்னும் தீர்மானமாகவில்லை’ என்று மூன்று விதமாகப் பதில் சொல்லும் முறையை அவர் வகுத்தார். தெரியாததைத் தெரியாது என்று குறித்துவைக்கும் வரைபடத்தைத்தான் நான் நம்புவேன்.

சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள், கைவசமுள்ள மென்பொருளில் (எக்ஸ் – ஒய்)² = 0 என்று தட்டலாம். இதன் விடை மூலைவிட்டமாகப் போகும் ஒரு நேர்கோடு. அதன் இரு பக்கமும் நேர்மறைதான். உள்ளே என்று சொல்ல எதுவும் இல்லை. கோட்டமில்லாத கோடு இது. குறி மாறும் இடத்தை மட்டும் தேடுகிற மென்பொருள் இங்கே தடுமாறும், சில சமயம் வெறுந்திரையைக் காட்டும். அப்படி வந்தால் சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். (2, 2)ஐக் கையால் போட்டுப் பாருங்கள்.